விடியற்காலை அலாரமா, மும்முனை அலாரமா? தோட்டத்து அளவுக் கருவிகளில் பேட்டரி, சென்சார் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

தோப்பிலும் காட்டிலும் கிணற்று மேட்டிலும் நிற்கிற அளவுக் கருவிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு கம்பம், 10 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் பேட்டரி, சார்ஜை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர், அளவுகளைப் பதியும் டேட்டா லாக்கர், அவற்றை அனுப்பும் சிம் போட்ட மோடம். அதிலிருந்து மழைமானி, வெப்பம்-ஈரப்பத சென்சார், மண் ஈர சென்சார், கிணற்று நீர்மட்ட சென்சார் என்று ஒயர்கள் போகும். கீழே சொல்பவை இந்த அமைப்புக்கானவை. வேறு கம்பெனிக் கருவியில் அலாரத்தின் பெயர் மாறலாம், காரணம் மாறாது.

அலாரம் வந்ததும் பலரும் செய்யும் முதல் தவறு, பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது. அலாரம் போய்விடும், கூடவே தடயமும் போய்விடும். பெட்டியைத் திறக்கும் முன் கடைசி ஏழு நாள் பதிவை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் பேட்டரி வோல்ட் எந்த மணிக்கு எவ்வளவு இருந்தது, அலாரம் எந்த மணிக்கு வந்தது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன அலாரம் என்பதைவிட எப்போது வந்தது என்பதுதான் அதிகம் சொல்லும். சென்சார் கெட்டுவிட்டது என்று கழற்றி அனுப்பப்படுபவற்றில் நிறைய, கரண்ட் போதாமல் தவறாகப் படித்தவைதான்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய இன்னொரு 12 வோல்ட் பேட்டரி, பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 10 வாட் பல்பு (இரண்டு ஒயர் பற்றவைத்தது), கருவியில் இருக்கும் அதே அளவு ஃபியூஸ் நாலைந்து, 0.1 சதவீதத் துல்லியமுள்ள 110 ஓம் ரெசிஸ்டர், பழைய டூத் பிரஷ். கழற்றும்போது முதலில் பேனல் ஒயர், பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் நின்றால் 20 வோல்ட்டுக்கு மேல் நேராகக் கன்ட்ரோலரில் ஏறும், விலை குறைந்த கன்ட்ரோலர்கள் அதைத் தாங்காது.

‘பேட்டரி குறைவு’ – விடியற்காலையில் மட்டும்

“வெடியாலயே மெசேஜ் வருதுங்க, பொழுது ஏறினா சரியாயிடுதுங்க” என்று தோட்டத்துக்காரர் சொன்னால் இந்தப் பகுதி. இரவு முழுக்கச் செலவாகி, பேட்டரி மிகத் தாழ்ந்து நிற்கும் நேரம் சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான். காரணம் இரண்டில் ஒன்று: பேட்டரியின் கொள்ளளவு செத்திருக்கும், அல்லது இரவுச் செலவு கூடியிருக்கும். எது என்று கணக்குப் போட்டால் தெரியும்.

லாக்கரும் சென்சார்களும் சேர்ந்து சராசரி 10 மில்லி ஆம்ப் என்று வையுங்கள். மோடம் மணிக்கு 2 நிமிடம் விழித்து 200 மில்லி ஆம்ப் எடுத்தால் சராசரிக்கு 7 மில்லி ஆம்ப் கூடும். மொத்தம் 17, நாளுக்கு 0.4 ஆம்ப்-அவர். நல்ல 7 ஆம்ப்-அவர் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலே வெயில் இல்லாமல் எட்டு நாள் ஓட வேண்டும். ஒரே இரவில் செலவாவது 0.2 ஆம்ப்-அவர்தான். அவ்வளவுக்கே 12.8 வோல்ட்டிலிருந்து 11.6க்கு இறங்குகிறது என்றால் உள்ளே அரை ஆம்ப்-அவர்கூட மிச்சமில்லை என்று பொருள்.

உறுதி செய்யப் பல்பு போதும். பொழுது சாய்ந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, பேனலையும் லாக்கரையும் கழற்றிவிட்டுப் பேட்டரி முனையில் அளவு பாருங்கள். 12.7 அல்லது மேலே இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.9க்குக் கீழே காலி. நிறைந்த பேட்டரியில் 10 வாட் பல்பைப் பத்து நிமிடம் எரியவிடுங்கள். அது 0.8 ஆம்ப் எடுக்கும். நல்ல பேட்டரி 12.2க்கு மேலேயே நிற்கும். பத்து நிமிடத்தில் 12க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள், மறுபடி சார்ஜ் ஏற்றிப் பார்ப்பதில் பயனில்லை. வெயில் நேரத்தில், பேனல் மாட்டியிருக்கும்போது 13.6 காட்டுவதை வைத்துப் பேட்டரி நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். அது கன்ட்ரோலர் காட்டும் வோல்ட்.

பேட்டரி பல்புச் சோதனையில் தேறிவிட்டால் செலவைத் தேடுங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்ப் துளையில் வைத்து லாக்கரின் பாசிட்டிவ் ஒயருக்கு இடையில் கோர்த்துப் பாருங்கள். மில்லி ஆம்ப் துளையில் ஆரம்பித்தால், மோடம் விழிக்கிற நொடியில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். தோப்புக்குள் அதிகம் கண்ணில் படும் குற்றவாளி சிக்னல்தான். தென்னை வளர்ந்து மறைத்தாலோ, பக்கத்து டவர் நின்றுபோனாலோ மோடம் இரண்டு நிமிடத்தில் வேலையை முடிக்காமல் பத்து நிமிடம் முயன்றுகொண்டிருக்கும். சராசரி 43 மில்லி ஆம்ப் ஆகிவிடும், நாளுக்கு 1 ஆம்ப்-அவர். பேட்டரியும் பேனலும் அப்படியே இருக்க, செலவு மட்டும் இரண்டரை மடங்கு. மருந்து பெரிய பேட்டரி அல்ல. ஆன்டெனாவை மூன்று மீட்டர் உயர்த்துங்கள், அல்லது அங்கே எடுக்கிற வேறு கம்பெனி சிம் போடுங்கள், அல்லது மணிக்கு ஒருமுறை அனுப்புவதை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள்.

பேட்டரி இரண்டு வருடம்கூட வராமல் சாகிறது என்றால் பெரும்பாலும் வெப்பம்தான் காரணம். லெட்-ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும். கரூர், ஈரோடு, தாராபுரம் பக்கம் சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் 50 டிகிரி தாண்டுவது சாதாரணம். பெட்டியைப் பேனலின் நிழல் விழும் இடத்தில், கம்பத்தின் வடக்கு முகத்தில், வெள்ளை பெயின்ட் அடித்து மாட்டுங்கள். கன்ட்ரோலரில் வெப்பத்துக்கேற்பச் சார்ஜ் வோல்ட்டைக் குறைக்கும் வசதி இருந்தால் அதன் உணர்முனை பேட்டரியைத் தொட்டு இருக்கட்டும்.

‘பேட்டரி குறைவு’ – மதியத்திலும்

இது பேனல் பக்கத்துக் கோளாறு. நல்ல வெயிலில் பேனல் ஒயரைக் கழற்றி அளந்தால் 20 முதல் 22 வோல்ட் வர வேண்டும். அது வந்துவிட்டால் பேனல் நல்லது என்று விட்டுவிடாதீர்கள். அழுக்கு மூடிய பேனலும் அதே வோல்ட்டைக் காட்டும். மீட்டரை 10 ஆம்ப்பில் வைத்து பேனலின் இரண்டு ஒயரையும் நேராக அதன் வழியே ஷார்ட் செய்து ஆம்ப் பாருங்கள். (பேனலை இப்படிச் செய்யலாம், பேட்டரியை ஒருபோதும் கூடாது.) 10 வாட் பேனல் உச்சி வெயிலில் 0.5 முதல் 0.6 ஆம்ப் தர வேண்டும். துடைக்கும் முன் ஒரு அளவு, துடைத்த பின் ஒரு அளவு எடுத்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அழுக்கு ஊருக்கு ஊர் மாறும். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லிலிருந்து வரும் தென்னை நார்த்தூள் பனியில் நனைந்து பசை போல் ஒட்டும், உலர்துணியால் போகாது, தண்ணீர் விட்டு ஊறவைத்துத் துடைக்க வேண்டும். பல்லடம், திருப்பூர்ப் பக்கம் பஞ்சுத்தூசி. எங்கும் பொதுவானது மயில். உயரத்தில் தட்டையாக ஒன்று இருந்தால் மயிலுக்கு அதுதான் ஆசனம். சின்ன பேனலில் எல்லாச் செல்லும் வரிசையாக இணைந்தவை, ஒரு செல்லை எச்சம் மூடினால் முழுப் பேனலின் ஆம்ப்பும் இறங்கும். பேனலின் மேல்விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குக் கம்பி முட்களோ, இழுத்துக் கட்டிய ஒரு நைலான் நரம்போ போதும், அது உட்காராது.

நிழல் விஷயத்தில் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. நம் கொங்குப் பகுதி நிலநடுக்கோட்டுக்கு 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கே போகிறது. தை மாதத்தில் இடம் பார்த்து, தெற்கே மரம் இல்லை என்று நட்ட கம்பத்துக்கு, ஆனி ஆடியில் வடகிழக்கிலும் வடமேற்கிலும் இருக்கிற தென்னைகள் காலையும் மாலையும் நிழல் தரும். அதே மாதங்களில்தான் ஆனைமலைச் சரிவில் மேகமும் மூடும். பேனலைத் தெற்கு நோக்கி 30 டிகிரி சாய்த்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். 11 முதல் 15 டிகிரி சாய்வு போதும், மழையில் அழுக்கு வழிய அதுவே பற்றும்.

வால்பாறை மாதிரி தென்மேற்குப் பருவத்தில் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும் இடத்தில், சில நாட்களில் ஒரு மணி நேர முழு வெயிலுக்குச் சமமான வெளிச்சம்கூடக் கிடைக்காது. 10 வாட் பேனல் அன்றைக்கு அரை ஆம்ப்-அவர்தான் தரும். 0.4 செலவுக்கு அது சரிக்குச் சரி, 1 ஆம்ப்-அவர் செலவுக்கு ஆகவே ஆகாது. அங்கே 20 வாட் பேனலும் 18 ஆம்ப்-அவருக்குக் குறையாத பேட்டரியும் வையுங்கள்.

பேனல் நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால், சார்ஜ் ஏறும் நேரத்தில் கன்ட்ரோலரின் பேட்டரி முனையிலும் பேட்டரியின் சொந்த முனையிலும் வோல்ட் அளந்து ஒப்பிடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கோ தொடுப்பு கெட்டிருக்கிறது. பெரும்பாலும் ஃபியூஸ் ஹோல்டர், பச்சை பூத்திருக்கும். கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் இருக்கும் கருவிகளில் இது சீக்கிரமே வரும், அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். அங்கே ஈயம் பூசிய செம்பு ஒயரும், முனைகளில் வாசலினும் பயன்படுத்துங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறியிருந்தால் மேலே சொன்ன வோல்ட் கணக்கு செல்லாது. அது முக்கால்வாசி காலியாகும் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், பிறகு பட்டென்று விழும். அலாரம் 11.8 என்று பழைய பேட்டரிக்கு வைத்தது அப்படியே இருந்தால் எச்சரிக்கையும் அணைவதும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும். 12.8க்கு உயர்த்துங்கள்.

வோல்ட் சரியாக இருக்கிறது, அனுப்பும்போது மட்டும் அணைந்து எழுகிறது

மோடம் ஒரு நொடி 1 ஆம்ப் இழுக்கும். பேட்டரி கீழே, லாக்கர் மேலே, நடுவில் 10 மீட்டர் 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால், போக வர 20 மீட்டரில் ஏறக்குறைய 0.8 ஓம். 0.8 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். பேட்டரியில் 12.2 இருக்க, லாக்கர் முனையில் 11.4. பதிவில் இது தெரியாது, ஏனென்றால் லாக்கர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வோல்ட் எழுதுகிறது. மீட்டரில் ‘MIN’ (மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும்) பட்டனை அழுத்தி வைத்து, ஒருமுறை கையால் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் தீரும்.

சோலார் இல்லாமல் 3.6 வோல்ட் லித்தியம் செல்லில் ஓடும் மீட்டர்களில் இதே அறிகுறி வேறு காரணத்தால் வரும். லித்தியம் தயோனைல் குளோரைடு செல் நாள்பட்டு அலமாரியில் இருந்தால் உள்ளே ஒரு படலம் படிந்துவிடும். புதிய செல் போட்டதும் ‘பேட்டரி குறைவு’ என்று வருவது அதனால்தான். பெரிய டி சைஸ் செல்லாக இருந்தால் 100 ஓம் ரெசிஸ்டரை ஐந்து நிமிடம் குறுக்கே வைத்து வோல்ட்டைக் கவனியுங்கள். முதலில் தாழ்ந்து, பிறகு 3.3க்கு மேல் ஏறி நின்றால் செல் நல்லது. ஏறவில்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள். இந்தச் செல்லைச் சார்ஜ் ஏற்றவோ ஷார்ட் செய்யவோ கூடாது, வெடிக்கும்.

எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் அலாரம்

நான்கு சென்சார் ஒரே நிமிடத்தில் கெடாது. பொதுவாக இருப்பது எது என்று தேடுங்கள்: சென்சார்களுக்குப் போகும் 12 வோல்ட், பொது நெகட்டிவ், டேட்டா ஒயர். சார்ஜ் ஏற்றிய மாற்றுப் பேட்டரியை மாட்டினால் எல்லாம் திரும்பி வந்துவிட்டதா? அப்படியானால் பேட்டரி அலாரம் சென்சார் வேஷம் போட்டிருக்கிறது, முதல் பகுதிக்குப் போங்கள். வரவில்லை என்றால் ஏதோ ஒரு சென்சார் ஷார்ட் ஆகி மற்றவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது மற்றவை சாய்கிறதோ அதுதான்.

எஸ்.டி.ஐ-12 (ஒரே டேட்டா ஒயரில் பல சென்சார் முகவரி வைத்துப் பேசும் முறை) சென்சார்களில் இன்னொன்று உண்டு. புதிதாக வாங்கிய எல்லாமே பெரும்பாலும் 0 என்ற முகவரியோடு வரும். பழுதான ஒன்றை மாற்றிப் புதியதைப் போட்டதும் ஏற்கெனவே 0 முகவரியில் இருந்ததும் சேர்ந்து பேசும், லாக்கருக்கு இரண்டுமே புரியாது. புதியதை மட்டும் தனியாக மாட்டி முகவரியை மாற்றிவிட்டுப் பிறகு மற்றவற்றைச் சேருங்கள். ஏ, பி என்ற இரண்டு டேட்டா ஒயரில் பேசும் ஆர்.எஸ்-485 முறை என்றால் அந்த ஒயர்களை மாற்றிப் பாருங்கள், அதனால் எதுவும் எரியாது.

கிணற்று நீர்மட்டம்: அலாரம், அல்லது நம்ப முடியாத அளவு

அளவை 4 முதல் 20 மில்லி ஆம்ப் கரண்ட்டாக அனுப்பும் சென்சார்களில் (4 என்றால் பூஜ்யம், 20 என்றால் முழு அளவு) 3.6க்குக் கீழே வந்தால் ஒயர் அறுந்தது, 21க்கு மேல் என்றால் ஷார்ட் அல்லது அளவு மீறல். இது எளிது. ஏமாற்றுவது நடுவில் வருவது. 0–20 மீட்டர் சென்சார், அது ஓடக் குறைந்தது 8 வோல்ட் வேண்டும், லாக்கரில் 250 ஓம் ரெசிஸ்டர், கேபிளில் 16 ஓம் என்று வையுங்கள். பகலில் 13.2 வோல்ட் இருக்கும்போது 19.5 மில்லி ஆம்ப் வரை போக வழி உண்டு. விடியற்காலை 11.6க்கு வந்தால் 13.5க்கு மேல் போக முடியாது. 13.5 என்பது ஏறக்குறைய 12 மீட்டர். கிணற்றில் 15 மீட்டர் தண்ணீர் இருந்தாலும் தினமும் இரவில் 12க்கு இறங்கி, பொழுது ஏறியதும் 15க்கு ஏறுவதாகப் பதிவாகும். ஊற்று என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வறட்சியில் தண்ணீர் 5 மீட்டரில் நிற்கும்வரை இந்தக் கோளாறு வெளியே தெரியாது, ஐப்பசி மழையில் கிணறு ஏறியதும்தான் தெரியும். 250 ஓமுக்குப் பதில் 100 ஓம் போட்டு லாக்கரில் பெருக்கலை மாற்றினால் தீரும்.

திறந்த கிணற்றில் மோட்டார் ஓடாத நாளிலும் 3, 4 சென்டிமீட்டர் அலை போல் ஏறி இறங்கி, காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம் காட்டுகிறதா? வெளிக்காற்றழுத்தத்தைச் சென்சாரில் சமன் செய்யக் கேபிளுக்குள் ஓடும் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு முறை இதே மணிகளில் 3, 4 மில்லிபார் ஏறி இறங்கும். 1 மில்லிபார் என்பது 1 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். குழாயின் மேல்முனையில் இருக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆகியிருந்தால் மாற்றுங்கள். குழாய்க்குள் துளித்துளியாகத் தண்ணீர் தெரிந்தால் முனையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலரவிடுங்கள், வாயால் ஊதாதீர்கள். கேபிளைக் கூர்மையாக மடித்துக் கட்டியிருந்தாலும் குழாய் நசுங்கும்.

அளவு மீறல் அலாரம் உண்மையாகவும் இருக்கலாம். வறட்சியில் 10 மீட்டர் சென்சாரை அடியில் இறக்கி வைத்திருந்தால், நல்ல மழை வருடத்தில் அதற்கு மேல் தண்ணீர் நிற்கும். டேப் இறக்கி அளந்துவிட்டுப் பேசுங்கள். ஆழ்துளைக் கிணற்றில் சென்சாரை மோட்டார்க் குழாயோடு கட்டாமல், தனியாக ஓர் அங்குல பிவிசி குழாய்க்குள் இறக்குங்கள்.

மழை பெய்தும் பூஜ்யம், பெய்யாமலே மழை

பூஜ்யம் என்றால் புனலைக் கழற்றிப் பாருங்கள். இலை, குளவிக்கூடு, எறும்பு மண், சிலந்தி வலை. அதில் ஒன்று இருக்கும். உள்ளே மழைநீர் நிறைந்ததும் சாய்ந்து தட்டும் சின்ன வாளியைக் கையால் பத்து முறை ஆட்டி, லாக்கரில் பத்து ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ரீட் ஸ்விட்ச் (ஒவ்வொரு தட்டையும் எண்ணும் காந்த ஸ்விட்ச்) அல்லது ஒயர். இருபது ஏறினால் ஸ்விட்ச் துள்ளுகிறது, லாக்கரில் துள்ளல் வடிகட்டும் நேரத்தைக் கூட்டுங்கள்.

பெய்யாமலே மழை காட்டுவது நமக்கு ஆடிக்காற்றில் வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் கம்பம் அதிரும், வாளி தானாகத் தட்டும். மழைமானியைக் கம்பத்தில் மாட்டாமல் தனியாகக் காங்கிரீட் மேடையில் வையுங்கள். 200 சதுர சென்டிமீட்டர் வாய், 0.2 மில்லிமீட்டர் தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 4 மில்லி தண்ணீர். 400 மில்லியை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டவிட்டால் 100 தட்டு வர வேண்டும். 97 முதல் 103 வரை ஏற்கலாம். வேகமாக ஊற்றினால் குறைவாகத்தான் வரும், அது சென்சார் குற்றமல்ல.

வெப்பம், ஈரப்பதம், மண் ஈரம்

பி.டி-100 வெப்ப சென்சார் அறுந்தால் தாறுமாறாக உயரத்தில் காட்டும், ஷார்ட் ஆனால் பூஜ்யத்துக்கும் வெகு கீழே. சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் 110 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். 25.7 டிகிரி காட்டினால் லாக்கர் நல்லது, சென்சாரும் கேபிளும்தான் பார்க்க வேண்டியவை. மார்கழி விடியலில் 100 சதவீத ஈரப்பதம் உண்மை. மதியம் இரண்டு மணிக்கும் 100 என்றால் வடிகட்டி மூடி நனைந்து அழுக்கேறியிருக்கிறது.

மண் ஈரம் திடீரென்று அடிமட்டத்துக்கு விழுந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். ரொட்டவேட்டர் ஓட்டினீர்களா? மஞ்சள் வெட்டினீர்களா? இரண்டும் இல்லை என்றால், கரிசல் காட்டில் கோடையில் மண் வெடித்துச் சென்சாரைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கும். தோண்டி எடுத்து, அதே மண்ணைச் சல்லடையில் சலித்துக் குழம்பாகக் கரைத்துச் சுற்றிலும் ஊற்றிப் புதையுங்கள். இரண்டு தண்ணீர் பாயும் வரை அந்த அளவை நம்ப வேண்டாம். மாறாக, கிணற்றுத் தண்ணீர் உப்பாக உள்ள காங்கயம், திருப்பூர்ப் பக்கத்தில் மலிவான சென்சார்கள் உப்பை ஈரமாகக் காட்டும், எப்போதும் நனைந்தே இருப்பதுபோல.

மும்முனை கரண்ட் வரும் நேரத்தில் மட்டும்

அலாரம் வந்த மணியை உங்கள் ஃபீடரில் (ஊருக்கு வரும் மின்லைன்) மோட்டாருக்கான மும்முனை கரண்ட் வரும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அளவு துள்ளினால் சென்சார் கேபிள் மோட்டார் கேபிளோடு ஒரே பள்ளத்தில் போகிறது என்று அர்த்தம். ஓர் அடிக்கு மேல் தள்ளிப் போடுங்கள், குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். கேபிளின் உறைக் கம்பியை (ஷீல்ட்) லாக்கர் பக்கம் மட்டும் எர்த்தில் கட்டுங்கள். இரண்டு பக்கமும் கட்டினால் அதுவே கரண்ட் ஓடும் வழியாகிவிடும். எர்த் 10 ஓமுக்குக் கீழே இருக்கட்டும். ஓடைக்கல் நிலத்தில் கோடையில் அது வராது, குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

தேதியும் மணியும் தப்பு

மேலே சொன்னது எல்லாமே அலாரம் வந்த மணியை நம்பியது. அந்த மணியே தப்பாக இருக்கலாம். லாக்கர் கிரீன்விச் நேரத்தில் ஓடினால் நம் காலை 5.30 அதில் நள்ளிரவு 12 என்று பதிவாகும், விடியற்காலை அலாரத்தை நள்ளிரவு அலாரம் என்று படிப்பீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் தேதி 2000 ஜனவரி 1க்குப் போய்விட்டால், போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்திருக்கிறது. 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.7க்குக் கீழே வந்தால் மாற்றுங்கள். பெரிய பேட்டரி மாட்டியிருக்கும்போதே மாற்றினால் மணி அழியாது.